ரெண்டு தரம்

பேட்டிகளில் கிளிட்டஸ் சொல்வதை நம்பாதீர்கள்.
மூன்று விதமாகச் சொல்வான்,
மூன்றிலும் கடல் வரும்,
ஒன்றில் அவன் அழுவான்.

நான் கீபோர்டு. மேடையின் ஓரம்.
ஓரத்தில் நிற்பவளிடம் யாரும் மைக்கை நீட்டுவதில்லை.
அதனால் எனக்கு நடந்தது மட்டும்தான் ஞாபகம்.

எங்களுக்குப் பெயர் இல்லாமல் இல்லை,
நிறைய இருந்தது.
'முக்கடல்' என்றான் அஜிமோன்.
அந்தப் பெயரில் ஏற்கெனவே
ஒரு டியூஷன் சென்டர், ஒரு மருந்துக்கடை,
நாகர்கோவிலுக்குத் தண்ணீர் தரும் ஓர் அணை.
தக்கலை பீர்கண்ணு டிரம்ஸ் வாசிப்பவன்,
அவனுக்கு எல்லாமே இடி:
இடிமுழக்கம், இடியோசை, வெறும் இடி.
நெய்யூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறவள் நான்,
'ஓ நெகட்டிவ்' என்றேன்.
லேசில் கிடைக்காத குரூப் என்று விளக்கமும் சொன்னேன்.
'கிடைக்காத பேண்டை எவன்டீ கூப்பிடுவான்?'
ஒரு வாரம் ரிகர்சலுக்குப் போகவில்லை.

குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு பங்கு.
எட்டாம் திருவிழா, நாடகத்துக்கு முன்னால் நாற்பது நிமிடம்.
கமிட்டி செயலாளர் சேசடிமை கேட்டார்:
'ராக்குன்னா பாறதானே?
பாறையில என்னலே பாட்டு?'
நோட்டீசில் எங்கள் இடத்தில்
'இன்னிசை' என்று மட்டும் அச்சாகியிருந்தது.

அஜிமோன் அருமனையில் விடியுமுன் எழுந்து
நானூறு மரம் பால்வெட்டிவிட்டு வந்தவன்,
விரலில் ரப்பர்ப்பால் காய்ந்து தோலாய் உரிந்தது.
கிளிட்டஸ் காலையிலிருந்து கடற்கரையில்
சாளையும் கணவாயும் ஏலம் கூறிவிட்டு வந்தவன்,
சட்டையில் செதில்.
மைக் டெஸ்டிங் என்று சொல்ல அவனுக்குத் தெரியாது.
அந்தத் தொண்டைக்கு ஒரே ஒரு எண்ணிக்கைதான் பழக்கம்.

'ஒரு தரம்...'

மணலில் கடலை கொறித்தபடி இருந்த ஊர் திரும்பியது.
சில பெண்கள் எழுந்தே விட்டார்கள்,
மீன் எங்கே என்று.

'ரெண்டு தரம்...'

கரண்ட் போனது.

சீரியல் லைட் மாதா அணைந்தாள்,
ராட்டினம் பாதியில் நின்று ஒரு பிள்ளை வீறிட்டது.
பிறகு ஒன்றுமில்லை, அலை மட்டும்.
அத்தனை பேரும் மூன்றாம் தரத்துக்குக்
காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்: 'நானூத்தம்பது!'
சிரிப்பு.
'ஐந்நூறு' என்றது ஐஸ் வண்டிப் பக்கம்.
'அறுநூறுலே!'
எதற்கு, எவ்வளவு எடை, யார் வள்ளம்,
எவரும் கேட்கவில்லை.
ஜெனரேட்டர்காரன் டீசல் தேடிப் போன பதினோரு நிமிடமும்
ஊர் எங்களை ஏலம் கேட்டது.
பீர்கண்ணு ஒவ்வொரு தொகைக்கும் ஓர் அடி வைத்தான்.
கடைசியாக ஒரு பெரிய குரல், நிதானமாக:
'ரெண்டாயிரத்து முந்நூறு.'
அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

வெளிச்சம் வந்தது.
சேசடிமை மைக்கைப் பிடுங்கி, நோட்டீசைப் பார்த்து,
எங்களைப் பார்த்து,
'அடுத்ததாக உங்கள் முன்...
நம்ம... அந்த... ரெண்டு தரம்!' என்றார்.

அவ்வளவுதான் கதை.

கொச்சியிலும் பெங்களூரிலும் இப்போது
கூட்டம் 'மூணு!' என்று கத்தும்,
கிளிட்டஸ் உதட்டில் விரல் வைப்பான்.
விலைபோகாதவர்கள் நாங்கள் என்பான்,
அரங்கம் எழுந்து நிற்கும்.
மும்பைக் கம்பெனிக்குப் பாட்டுகளை எழுதிக்கொடுத்த அன்று
அவன் பேனா மையில்லாமல் நின்றது.
என் பேனாவைத்தான் கொடுத்தேன்.
அதைப் பேட்டியில் சொல்ல மாட்டான்.

அவன் தம்பி இன்னும் கடற்கரையில் ஏலம் கூறுகிறான்.
ஒரே மூச்சில் மூன்று தரமும் முடிந்துவிடும்.
வெயில் ஏறினால் சாளை நிற்காது.

அன்று எங்களுக்குக் கிடைத்தது ஆயிரத்து ஐந்நூறு,
அதில் வேன் வாடகை எழுநூறு.

சில இரவுகளில், பாட்டுக்கு நடுவே,
விளக்கு அணைந்து எரியும் அந்த நொடியில்
எனக்கு அந்த ஆள் நினைவு வரும்.
ரெண்டாயிரத்து முந்நூறு என்றவன்.
முகம் தெரியாது.
அவனுக்கு மேல் கேட்க ஆளில்லை,
அவனுக்கு முடித்துக் கொடுக்கவுமில்லை.